ஏழாவது இருக்கை

சோஸ்ட் நகரின் பழைய மதில் தாண்டி மூன்றாவது தெரு.
இதைப் பார்க்கவே
ஐந்து பேர் காரிலும் இருவர் ரயிலிலும் வந்தோம்.
பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவை
ஒன்பது வருடம் ஏற்றியிறக்கிய ஷரான்.
கதவைத் திறந்ததும் ஈரக் காலுறை மணம்.
"அது போகாது" என்றாள் உரிமைக்காரி கெர்லிண்டா,
விலையும் இறங்காது என்கிற குரலில்.

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்.
டீசல்.
நகுலேசன் கொப்பியைத் திறந்தார்.
கார் ஓட்டத் தெரியாதவர்,
கணக்கில் மட்டும் அவர்தான் சாரதி.
வரி, வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு சொச்சம்.
காப்புறுதி என் பெயரில் அறுநூறு,
போன மாரியில் நான் தூணில் இடித்ததைச் சேர்த்தால்
எழுநூற்று நாற்பது.
அந்த வரியை மட்டும் மெதுவாக வாசித்தார்.
நூறு கிலோமீட்டருக்கு ஏழு லீற்றர்,
என் கால் சும்மா இருந்தால்.
டைமிங் பெல்ட் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ,
மாற்றாமல் விட்டால் எஞ்சினுக்கு எட்டுச் செலவு.

"பெற்றோல் எடுத்தால் என்ன?"
"டீசல் கட்டுறதெண்டால் வருசம் இருபதாயிரம் ஓடவேணும்."
முதியோர் இல்லத்துக்கு என் இரவு வேலை,
கபிலாஷின் நீச்சல், லக்சிகாவின் பல்லுக் கம்பி,
ஞாயிறுதோறும் மூன்ஸ்டர் ஆஸ்பத்திரியில் தங்கச்சி.
கூட்டினால் பதினாறாயிரம்.
மிச்ச நாலாயிரத்தை எங்கே ஓடுவது?
"பாரிசுக்கு" என்றான் சின்னவன்,
லாபக் கணக்கில் தகப்பனை வென்ற முகத்தோடு.

இப்போதிருக்கிற கார் ஐந்து பேருக்கானது.
நாங்கள் ஏழு.
பிறந்தநாள், கலியாணம் என்றால் சீட்டுக் குலுக்குவோம்,
தோற்றவர்கள் பஸ்ஸில்.
தை மாதம் எங்களிடம் வந்த சாருகன்
சீட்டு எடுப்பதேயில்லை.
"எனக்கு பஸ்தான் விருப்பம், பெரியம்மா."
பஸ்ஸை விரும்புகிற பன்னிரண்டு வயதை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

பின்வரிசைக்குள் நானே ஏறிப் பார்த்தேன்.
முழங்கால் நாடியில் முட்டியது.
இருக்கை இடுக்கில் யாருடையதோ தலைமயிர்ப் பட்டி,
ஒரு பல் பதிந்த சூயிங்கம்.
ஆனாலும் அங்கிருந்து பார்த்தால்
முன்னாலுள்ள அத்தனை தலைகளையும்
ஒரே பார்வையில் எண்ணலாம்.

வெளியே நின்று மிதுசா சொன்னாள்:
"ஐப்பசியில நான் கீலுக்குப் போயிடுவன்.
பிறகு ஆருக்கு இந்த ஏழு?"
தகப்பனின் மகள்.
அவள் கேட்டபின்தான் மற்றதும் உறைத்தது.
சாருகனின் இருக்கை காலியாவதற்குத்தானே
ஒவ்வொரு ஞாயிறும் மூன்ஸ்டர் போய்வருகிறோம்.
தங்கச்சி எழும்பி நடந்தால்
அவன் அடுத்த நாளே பெட்டி கட்டுவான்,
கட்டவேணும்.

ஆக, சித்திரை தொடங்கிப் புரட்டாதி முடியுமட்டும்.
அதிகம் போனால் ஆறு மாதம்.
எட்டாயிரத்து நானூறை ஆறால் பிரிக்கக்
கோடு கீறினார் நகுலேசன்.
விடையை எழுதவில்லை.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு
ரயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார்,
ஏதோ தெரிந்தவர்போல.

ஓட்டிப் பார்க்கச் சாவி தந்தாள் கெர்லிண்டா.
சாருகன் யாரையும் கேளாமல் பின்வரிசையில்,
பெல்ட்டை இழுத்து விட்டு, இழுத்து விட்டு,
"இது வேலை செய்யுது" என்றான்.
மூன்றாம் கியரில் முனகல் இருக்கிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டு போனேன்.
யாரோ யாரையோ இடித்தார்கள்,
யாரோ கத்த, யாரோ சிரிக்க,
"சத்தம் போடாதேங்கோ, எஞ்சின் கேட்கவேணும்!"
ஒருவரும் கேட்கவில்லை.
எஞ்சினும் கேட்கவில்லை.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தி
கெர்லிண்டாவிடம் கேட்டேன்:
நிலவறையில் கிடக்கிற பனிக்கால ரயர் நாலும்
இந்த விலைக்குள்தானே?