இடது காது, இரவு பத்தே முக்கால்

பாத்திரம் கவிழ்த்துவிட்டுப் படுத்த அரைமணியில்
காதுக்குள் ஏதோ நடந்தது.
நடந்தது என்றால் நிஜமாகவே நடந்தது,
ஆறு காலால்.

நூற்றியெட்டைக் கூப்பிட இது சின்னது.
விடியட்டும் என்று விட இது பெரியது.
இந்த ரெண்டுக்கும் நடுவில் வருகிற நோவுக்கு
எந்த ஊரில் ஆஸ்பத்திரி கட்டி வைத்திருக்கிறார்கள்?

முன்னீர்பள்ளம் சுகாதார நிலையத்தில்
இந்நேரம் பிரசவ அறையில் மட்டும்தான் விளக்கு.
நர்ஸம்மா நல்லவள்தான். ஆனால்
பிள்ளை பெறுகிறவளின் முனகலுக்கு நடுவே போய்
எக்கா, எனக்குக் காதுல பூச்சி என்று
எந்த வாயால் சொல்ல?

கொம்பையா மெடிக்கலில் ஷட்டர் முக்கால் இறங்கியிருக்கும்.
அந்த மனுசனிடம் எல்லாத்துக்கும் ஒரே பதில்:
மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, சாப்பிட்ட பொறவு.
பூச்சிக்கு எதைக் கொடுப்பார், மஞ்சளையா?

வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும்.
பேரைச் சொன்னதும் கையில் ஒரு வளையம் மாட்டி
ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்க என்பார்கள்.
போன ஆவணியில் நயினாரின் நெஞ்சுவலி
வெறும் வாயுதான் என்று தெரிய ஆறாயிரம் ஆச்சு.
அவர் இப்போது லோடோடு சேலத்தில்.
கூப்பிட்டால் பதறுவார்.
பதறி முடித்ததும் டீசல் காசை எண்ணுவார்.

காது நடந்துகொண்டே இருந்தது.

தருணுக்கு வந்திருந்தால்
இந்தக் கணக்கெல்லாம் போட்டிருப்பேனா?
போன மாசம் அவனுக்கு இருமல், வெறும் இருமல்,
செருப்பு மாட்டாமல் ஆட்டோவில் ஏறினேன்.
என் காது என்றதும்தான்
உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்காருகிறான்,
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.

எதிர்வீட்டு ஜெயராணி கதவைத் திறந்தபோதே
ஸ்கூட்டிச் சாவி கையில் இருந்தது.
தூங்குகிற தருணை அவள் பிள்ளைகளோடு போட்டுவிட்டு
எங்கட்டி போக, என்றாள்.
குனிந்து என் நைட்டியைப் பார்த்தேன்.
வண்ணார்பேட்டைக்குச் சேலை மாத்தணும்.
ஐகிரவுண்டுக்குத் துண்டு போதும்.

அப்படித்தான் முடிவானது.
டாக்டரின் படிப்போ கைராசியோ அல்ல,
ஒரு துண்டு. பச்சைக் கட்டம் போட்டது.

குலவணிகர்புரம் கேட் மூடிக் கிடந்தது.
கூட்ஸ் வண்டி. ஜெயராணி பெட்டிகளை எண்ணினாள்.
எனக்கு இரண்டு ரயில்,
அதில் ஒன்றுக்குத்தான் கடைசிப் பெட்டி இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்
ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
பைக், தலை, ரத்தம்.
மொய் எழுதாமல் பந்திக்கு வந்தவள் மாதிரி
துண்டால் காதைப் பொத்திச் சுவரோரம் ஒதுங்கினேன்.
போயிருவமாட்டி, என்றேன்.
சும்மா கெட, என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்ட டாக்டர் பெண்ணுக்கு
என் தங்கச்சி வயசுகூட இருக்காது.
வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.
எதையோ சொட்டுச் சொட்டாக ஊற்றி
தலையைச் சாய்க்கச் சொன்னாள்.
நடை தளர்ந்தது. நின்றது.
பஞ்சில் வந்து விழுந்தது
ஓர் அரிசி வண்டு.

ரேஷன் அரிசியா, என்றாள், சிரிக்காமல்.

இதுக்குப் போய் இங்க வந்துட்டேனே, என்றேன்.
சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்,
பின்ன எங்க போவீங்க?

அது கேள்வியா பதிலா,
இன்னும் பிடிபடவில்லை.

திரும்பும்போது கேட் திறந்திருந்தது.
நயினாரிடமிருந்து ரெண்டு மிஸ்டு கால்.
இடது காதில் ஊரே சத்தமாகக் கேட்டது,
தவளை, லாரி, ஜெயராணியின் கொட்டாவி.

நாளைக்கு அரிசியை வெயிலில் கொட்டணும்.