ஆயிரத்து எழுநூறு அடி

முகூர்த்தத்துக்கு முந்தின நாள்.
மண்டபத்துச் சாவி வர ஏழரை ஆகுமாம்.
அதுவரை கிருஷ்ணகிரியைச் சுத்திக் காட்டுறேன் என்று
மாப்பிள்ளையின் மாமா திம்மராயன்
வேன் கதவருகே நின்று கைதட்டினார்.
தரங்கம்பாடியிலிருந்து வந்த பதினொரு பேர்
பஸ்ஸில் வீங்கிய கால்களோடு ஏறினோம்.
பெண் மட்டும் பார்லரில்.

முன்சீட்டில் முழங்காலிட்டு
எங்கள் பக்கம் திரும்பியே பேசினார் மனிதர்.
ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.
"இடது பக்கம் பாருங்க" என்பார்.
அவருடைய இடது எங்களுக்கு வலது.
முதல் அரைமணி நேரம் நாங்கள் பார்த்தது
டயர் கடை,
மாம்பழக்கூழ் கம்பெனியின் முடிவில்லாத மதில்,
பூட்டிக் கிடந்த ஒரு பல் ஆஸ்பத்திரி.

கோட்டை மலையை மட்டும் தவறவிட முடியவில்லை.
எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நின்றது.
"யார் கட்டினது?"
"நிறையப் பேருங்க. வந்தவன் எல்லாம் ஏறினான்,
ஏறினவன் எல்லாம் இறங்கினான்.
பாறை மட்டும் எங்கயும் போகல."
எங்க ஊர்லயும் கோட்டை இருக்கு என்றான் சின்னவன் கபிலன்,
மணல் மேல இருக்கு, உப்பு தின்னுது.
திம்மராயன் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு
ஆறுதலாகத் தலையாட்டினார்.

கிரானைட் கிடங்கில் வேன் நின்றது.
கறுப்புப் பலகைகள், யானை முதுகு அகலத்தில்.
"இதெல்லாம் கப்பல் ஏறிப் போகுதுங்க.
இந்தக் கல்லு கடலைப் பாத்துடும்.
நான்தான் இன்னும் பாக்கல."
எல்லோரும் சிரித்தோம்.
அக்கா சிரிக்கவில்லை.

டேமுக்குப் போனபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.
மதகு ஓரம் மிளகாய்த்தூளில் புரண்ட மீன்
எண்ணெயில் சீறிக்கொண்டிருந்தது.
எங்கள் ஆண்கள் கடைக்காரனைச் சூழ்ந்துகொண்டு
செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள்,
மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி.
தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது.
இவ்வளவு தண்ணீர், ஒரு சத்தம் இல்லை.
எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள்.
"தம்பி, கடலுக்கு இந்த ஊர் எவ்வளவு ஒசரம்?"

அன்று சாயங்காலம் எல்லாக் கேள்விக்கும்
கேட்கும் முன்னே பதில் சொன்னவர்
ஃபோனை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேடினார்.
"ஆயிரத்து எழுநூறு அடிங்க. முன்ன பின்ன இருக்கும்."
"முன்னயா, பின்னயா?"

காரைக்கால் பேங்க் மாப்பிள்ளையை வேண்டாம் என்றவள்,
நாகூரில் மாடிவீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பியவள்.
இந்த வரனுக்கு ஜாதகம்கூடக் கேட்கவில்லை.
கடற்கரையிலிருந்து எத்தனை மணி நேரம் பஸ் என்றாள்.
எட்டு என்றார் தரகர்.
சரி என்றாள்.
கிறுக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்,
எங்களுக்குத் தெரிந்திருந்தும்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை
பெரியவன் ஒரு கையில், யாழரசி மறு கையில்
கோயில் பக்கம் ஓடினாள்.
நின்றபோது
ஒரு கைக்கு வேலை இல்லை.

"ஏங்க, எதுக்குக் கேக்கறாங்க?"
திம்மராயன் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.
பாதி சொன்னேன்.
மீதியை நான் சொல்ல விடவில்லை அவர்.
கடைக்குப் போய் வாழையிலைத் துண்டில்
ஒரு மீன் வாங்கி வந்து
இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

செருப்பைக் கழற்றிவிட்டு
சூடு ஆறாத பாறையில் உட்கார்ந்து
முள் எடுத்து, நிதானமாக, முழுதும் தின்றாள்.
"உப்புப் பத்தல" என்றாள்.
கையை டேம் தண்ணீரில் கழுவினாள்.

திரும்பும்போது மலை உச்சியில்
ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.
கலங்கரை விளக்கா என்றான் கபிலன்.
செல்போன் கோபுரம்டா என்று திம்மராயன் சொல்லவில்லை.
முன்சீட்டில் நேராகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.
இப்போது அவருடைய இடதும் எங்களுடைய இடதும் ஒன்று.
இரண்டு பக்கமும் ஊர்
யாரும் காட்டாமலே போய்க்கொண்டிருந்தது.