அரைக்காசு

பல்லார்ட் எஸ்டேட், அயல்நாட்டு அஞ்சலகம்.
மூன்றாவது முறையாக வரிசையில்.
சுங்க அதிகாரி சோண்டக்கே
உறையைக் கத்தரித்து மேசைமேல் கவிழ்க்கிறார்.
வெட்டிய நகம்போல் ஒன்று விழுகிறது.
உருளவில்லை.
பாதி வட்டம் எங்கே உருள?

"உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார் இந்தியில்,
நிஜமான வருத்தத்தோடு.
"பாதிதான் வந்திருக்கிறது."

அது அப்படித்தான் சார்.
மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னி.
சம்மட்டியால் அடித்தது.
பின்பக்கம் விளிம்புவரை ஓடும் சிலுவை.
சில்லறை கிடைக்காத நாளில்
அந்தக் கோட்டில் கத்தரி வைத்தால் அரை,
இன்னொரு தடவை வைத்தால் கால்.
சயானில் எங்கள் மளிகைக்கடையில்
இரண்டு ரூபாய்க்குச் சாக்லேட் தருகிறார்கள் அல்லவா,
சாக்லேட் இல்லாத ஊரில்
ராஜாவையே நறுக்கினார்கள்.

சோண்டக்கே சிரிக்கவில்லை.
விளக்கருகே பிடித்துப் பார்க்கிறார்:
ஒரு கண். பாதிக் கிரீடம்.
காதோரம் இரண்டு சுருள்முடி.
திருப்பினால்
ஊர்ப்பெயரின் வால், ஆள்பெயரின் தலை.
'நிக்' என்று தொடங்கிய யாரோ,
எடைக்குப் பொறுப்பேற்றவன்,
மீதி எழுத்துகளோடு
எவர் இடுப்புப் பையிலோ போய்விட்டான்.

தராசில் வைக்கிறார். பூஜ்யம்.
ஊதித் துடைத்து மறுபடி வைக்கிறார். பூஜ்யம்.
"இதற்கா மூவாயிரம்?"

எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு,
அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று.
அந்தப் பரீட்சையை நான்கு முறை எழுதியவன் நான்.
தேறிய ஒருவர்
என் அரைக்காசை உள்ளங்கையில் வைத்திருக்கிறார்.
இதை இந்தியில் எப்படிச் சொல்ல?
சொல்லவில்லை.

ஆதார் கேட்கிறார்.
அதில் பொன்னம்பலவாணன்.
உறையில் கட்டம் போதாமல்
பொன்னம்பலவோடு நின்றிருக்கிறேன்.
"பெயர் பொருந்தவில்லையே."
போன இரண்டு முறையும்
இந்த வாக்கியத்தோடுதான் வீடு திரும்பினேன்.

மின்விசிறி சுற்றுகிறது.
பின்னாலிருப்பவர் கைக்கடிகாரம் பார்க்கிறார்.
சோண்டக்கே பால்பாயின்ட் பேனாவைத் திறந்து
உறையின் ஓரத்தில்,
ஆதாரைப் பார்த்து எழுத்தெழுத்தாக,
என் மிச்சத்தை எழுதுகிறார்.
கீழே சின்னதாய் ஒரு கையொப்பம்.

"மற்ற பாதி?"
தெரியாது சார். எழுநூற்றைம்பது வருஷம் ஆகிறது.
"வந்தால் இந்தக் கவுண்டருக்குத்தான் வரும்" என்கிறார்,
அடுத்த பொட்டலத்தை இழுத்தபடி.

ஐந்து நாற்பது லோக்கல்.
மஸ்ஜித் பந்தரில் ஒரு கூட்டம் ஏறி
விலாவை நெருக்குகிறது.
வலது கை சட்டைப்பையை விட்டு நகரவில்லை.
உறைக்குள் ராஜா.
உறைக்கு வெளியே, அதே பையில்,
நேற்றைய இரண்டு ரூபாய்
காகிதத்தோடு இளகிக்கொண்டிருக்கிறது.