இருக்கலாம்

லேடீஸ் சீட் பாறையில் சித்திரையிலும் குளிர்.
கீழே சேலம், உடைத்துக் கொட்டிய வெளிச்சம்.
அதற்குச் சற்று மேலே, தெற்கில்,
மூச்சுப்பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல்.
லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடிக்கும் கொத்து.

அதன் நடுவில் ஒன்றைத் தேடுகிறேன்.
ஒற்றை விண்மீன் செத்து விட்டுப்போகும் சின்னதும் அல்ல,
பால்வெளியின் வயிற்றில் கிடக்கும் பெரியதும் அல்ல,
இடைப்பட்ட கருந்துளை.
"நடுத்தரம்னாலே யார் கண்ணுக்கும் தெரியாது" என்கிறான்
வீட்டுக்கடன் தவணையில் அலுத்த சவரிராஜ்.

பதினெட்டு வருடப் படங்கள் மடிக்கணினியில்.
எட்டுப் புள்ளிகள்
ஓடக்கூடாத வேகத்தில் ஓடின.
பங்குனியில் ஒன்று கழன்றது:
கொத்தைச் சேர்ந்ததே இல்லை,
குறுக்கே போன வழிப்போக்கன்.
நேற்று இன்னொன்று. இரண்டு ஒட்டித் தெரிந்த பிழை.
ஆறு.

மலைப்பாதையில் கடைசிப் பேருந்து இறங்குகிறது.
விளக்கு மட்டும்.
வளைகிறது, மறைகிறது, வேறெங்கோ முளைக்கிறது.
அந்த வெளிச்சம் எதைச் சுற்றுகிறதோ
அங்கே மலை இருக்கிறதென்று
யாரும் எனக்கு நிரூபித்ததில்லை.

சவரிராஜ் பிளாஸ்க்கைத் திருகுகிறான்.
கட்டுரையின் கடைசி வரியில்
'இருக்கிறது' என்பதை அடித்துவிட்டு
'இருக்கலாம்' என்று எழுதுகிறேன்.

பதினோராவது வளைவுக்குள் போன பேருந்து
இன்னும் வெளியே வரவில்லை.