தவறியவர்கள்

பிப்ரவரியில் ஜாம்பேசி ஆறு
கரையை மறந்துவிடும்.
மாடுகள் மேட்டுக்குப் போகும். பானைகள் போகும்.
கோழிகள் ஓடத்தின் மூக்கில் உட்கார்ந்து போகும்.
சிகோலோ மருத்துவ நிலையத்தின் பச்சைப் பதிவேடு மட்டும்
தகரப் பெட்டிக்குள், அலமாரி உச்சியில்,
என்னோடு இருக்கும்.

நான் நமகாவ். பதிவெழுத்தர்.
ஊசி போடுவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை.
எச்.ஐ.வி. மாத்திரைக்கு யார் வந்தார், யார் வரவில்லை,
அதை எழுதுவது என் வேலை.
வராதவர் பெயருக்கு நேரே
இருபத்தெட்டு நாள் காத்திருந்து
ஒரு சொல் எழுத வேண்டும்:
தவறியவர்.
எழுதியதும் பேனாவை மூடிவிடுவேன்.
செத்தவரையும் தவறிவிட்டார் என்றுதானே சொல்கிறோம்.

போன வெள்ளத்தில் நாற்பத்தொரு பேர்.
மாவட்டக் கூட்டத்தில் எங்கள் நிலையத்தைச் சிவப்பில் காட்டினார்கள்.
பக்கத்தில் பச்சையில் மேட்டு நிலையம், மண்டண்டா:
புதியவர்கள் முப்பத்தாறு.
அதன் எழுத்தர் அகுஃபுனாவுக்குக் கைதட்டல்.
தேநீர் இடைவேளையில் எனக்கு ஒரு பிஸ்கட் தந்தான்,
துக்கம் விசாரிப்பதுபோல.

ஆகஸ்டில் மணல் காய்ந்தது.
பத்தொன்பது கிலோமீட்டர். பாதி தூரம் சைக்கிள் என்னைச் சுமந்தது,
மீதி தூரம் நான் அதை.
கிடங்கறைக் கதவைத் தாழிட்டு
தடுப்பூசிப் பெட்டியின்மேல் இரண்டு ஏடுகளையும் விரித்தோம்.
குரலைத் தாழ்த்தி வாசித்தோம்.

என்னிடம் நொசிகு லிகாண்டோ, பிறப்பு எண்பத்து நான்கு.
அவனிடம் லிகாண்டோ நொசிகு, பிறப்பு ஜனவரி ஒன்று.
அவன் ஏட்டில் பாதிச் சமவெளியும்
ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறது;
தேதி தெரியாதவருக்கெல்லாம் அதே தேதி.
“வலைக்கயிறு சுண்டுவிரலை அறுத்த ஆளா?”
“அவரேதான்.”
“அவரா தவறியவர்? மாதம் தவறாமல் வருகிறாரே!”

மாலைக்குள் இருபத்தொன்பது பேர் கிடைத்தார்கள்.
என் சிவப்பு சுருங்கியது.
அவன் பச்சையும் சுருங்கியது;
புதியவர் ஏழே பேர்.
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
பிறகு எழுந்து காலி அலமாரியைக் காட்டினான்.

ஏட்டைப் பார்த்துத்தான் தலைநகரிலிருந்து மாத்திரை வரும்,
அதுவும் மூன்று மாதம் பழைய ஏட்டை.
ஆளில்லாமல் என்னிடம் புட்டிகள் காலாவதியான அதே மார்ச்சில்
இவன் ஒரு மாதப் புட்டியைப் பிரித்து
இரண்டு பேருக்குத் தந்திருக்கிறான்.
சுரைக்காய் என் ஏட்டில் காய்த்தது.
பசி அவன் வாசலில் நின்றது.

மீதி பன்னிரண்டு.
ஏழு பேரை, மண்ணில் வைத்தவர்களிடமே கேட்டு எழுதினேன்.
ஐந்து பேர் எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்களில் ஒருத்தி செபிசோ. வயது இருபத்துமூன்று.
மூன்று மீன்பிடி முகாம்களில் தேடி, நான்காவதில் கண்டேன்.
மீனைப் பிளந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.
“உங்கள் மேஜையில் ஏடு திறந்து கிடந்தது.
என் நாத்தனாருக்கு எழுதப் படிக்கத் தெரியும்” என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த மேஜை என்னுடையது.
மூடாமல் சாப்பிடப் போனவள் நான்.
திரும்பும் ஓடத்தில்,
இத்தனை வருஷம் நான் எழுதிய அந்த ஒரு சொல்
யார் பெயருக்கு நேரே இருந்திருக்க வேண்டும் என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.
துடுப்புக்காரன் ஏதோ கேட்டான். காதில் விழவில்லை.

இப்போது இரண்டு நிலையத்திலும் ஒரே திரை.
ஒருவருக்கு ஓர் எண்; ஆள் மேடேறினால் எண்ணும் ஏறும்,
மாத்திரையும் பின்னாலேயே.
மேகம் மூடினால் சூரியத் தகடு சுணங்குகிறது.
அகுஃபுனா இரண்டு முறை கடவுச்சொல்லை மறந்துவிட்டான்.
ஜனவரி ஒன்று என்று அடித்தால்
நிச்சயமா என்று கேட்கிறது திரை.

அக்டோபரில் ஒரு வியாழன் செபிசோ வந்தாள்.
வாசலில் நின்று முதலில் மேஜையைப் பார்த்தாள்.
வெறும் மரம்.
பிறகு உட்கார்ந்து
தன் எண் என்ன என்று மட்டும் கேட்டாள்.

நான்கு பேர் பாக்கி.
தண்ணீர் இந்த வருஷம் முந்தி வருமாம்.