நாலுன்னு எழுதுங்க

ஜீப்பில் மைக் கட்டி வந்தவன்
நெட்டுக்குப்பம் என்பதை இரண்டு முறை தப்பாகச் சொன்னான்.
மூன்றாம் முறை சரியாகச் சொன்னபோதுதான்
எங்களுக்குப் பயம் வந்தது.

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டாம்.
கடலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.
ஆறின குழம்பு போல ஏடு கட்டிக் கிடந்தது.
அனல்மின் நிலையத்துப் புகை மட்டும்
வழக்கமில்லாத பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் சிலிண்டர்.
திருகி மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி,
கட்டில் காலோடு கயிறு போட்டுக் கட்டினேன்.
போன தடவை அது மிதந்துபோய்
பத்மாவதி வீட்டு வாசலில் நின்றது,
சாப்பிடக் கூப்பிட்டவர் மாதிரி.
மிக்சி பரண்மேல். அரிசி பரண்மேல்.
டிவி பரணுக்கு அடங்கவில்லை, பீரோமேல்.
ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அட்டை,
மோனிஷாவின் பிளஸ் டூ மார்க் ஷீட்
எல்லாம் இரண்டு கவருக்குள்,
கவர் மாவு டப்பாவுக்குள்,
டப்பா என் கைக்குள்.
சுவரில் இடுப்பளவுக்கு அந்த எண்ணெய்க் கோடு.
இரண்டு தடவை வெள்ளையடித்தும்
உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது.
பொருளையெல்லாம் அதற்கு மேலே ஏற்றினேன்.
கோடு அளவுகோலாகவாவது உதவட்டும்.

தேசப்பன் மட்டும் கரையில்.
போட்டை ஏழு பேர் சேர்ந்து ரோட்டோரம் இழுத்தாகிவிட்டது,
புங்க மரத்தில் கட்டியுமாகிவிட்டது.
"எஞ்சினைக் கழட்டிக்கினு பின்னாலயே வரேன், நீ போ."
போன புயலுக்கும் இதைத்தான் சொன்னான்,
மூன்றாம் நாள் வந்தான்.
"இருபத்தி மூணு தவணை கட்டிக்கிறேன், இன்னும் பதிமூணு கீது.
எஞ்சினுக்கு இன்சூரன்ஸ் இல்ல, தெரியும்ல?"
"ஒனக்கும்தான் இல்ல" என்றேன்.
அவன் ஸ்பேனரைத் தேடப் போனான்.

பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன்.
மறுபடி இழுத்துப் பார்த்தேன்.
திருடனுக்கு என்றால் ஒரு தடவை போதும்.
கடலுக்கு எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பது?

பஸ்ஸின் பலகையில் பாரிமுனை என்றே இருந்தது.
யாரும் மாற்றவில்லை.
கண்டக்டர் பழக்கத்தில் பையைத் தடவி
பிறகு கையை எடுத்துக்கொண்டார்.
முகாமில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள்.
கட்டிவைத்தால் செத்துப்போகும்,
அதனால் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.
ஏறிப் பார்த்தால் கடைசி சீட்டுக்கடியில்
எங்களுக்கு முன்பே வந்து படுத்திருந்தது.

எர்ணாவூர் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
கரும்பலகையில்: பதிவு 38, வருகை 35.
பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு
கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தோம்.
சாம்பார் சாதம் சூடாக வந்தது.
பெண்கள் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை,
மோனிஷாவும் பத்மாவதி மகளும்
முறை போட்டுக் காவல் நின்றார்கள்.

"எத்தனை பேரும்மா?"
"நாலு."
எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.
நான், மோனிஷா, மடியில் லோகு.
"மூணுதான் இருக்கீங்க."
"நாலுன்னு எழுதுங்க சார்.
சாப்பாட்டுக்குச் சொல்லல."
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினார்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது, எடுக்கவில்லை.
ஒன்பது மணிக்கு அடிக்கவுமில்லை.
கரெண்ட் போனது.
தகரம் ஒன்று எங்கோ தெருவில்
தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஓடியது.
நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
வாய்க்குள்ளேயே,
எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் தீரும்வரை.

பத்தரைக்குக் கதவு திறந்தது.
முதலில் உள்ளே வந்தது புரொப்பல்லர்.
பிறகு என் பச்சைப் புடவையில் சுற்றிய எஞ்சின்.
அதற்குக் கீழே, முட்டிவரை சேறாக, அவன்.
"டேங்கைக் காலி பண்ணிட்டேன்" என்றான்,
யாரும் கேட்பதற்கு முன்பே.
நான் எதுவும் கேட்கவில்லை.
புடவை கிழிந்திருந்தது.

எங்களுக்கு இரண்டு பாய்.
நடுவில் எஞ்சினைப் படுக்கவைத்தான்.
லோகு தூக்கத்தில் அதன்மேல் காலைப் போட்டான்.
நாய் மெல்ல வந்து அதன் மறைவில் சுருண்டது.

தலை எண்ண வந்தார் எழுதுகிறவர், போன் வெளிச்சத்தில்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
அவன்மேல் வந்து வெளிச்சம் நின்றது. நாலு.
பிறகு பச்சைப் புடவைக்கு நகர்ந்தது.
"இது யாரு?" என்றார்.
மோனிஷா சிரிக்க ஆரம்பித்தாள்.
அதற்குள் ஜன்னல் கொக்கி தெறித்தது.
நாங்கள் எல்லோரும் எழுந்து
பலகையை அழுத்திப் பிடித்தோம்.