பத்து போல்ட்

எதை வாங்குவது என்று கேட்கிறாய், விக்கினேசா.
செம்பனைக் குலை ஏற்றணும், சேற்றில் இறங்கி ஏறணும்,
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சுங்கைப் பட்டாணிக்கு
வாந்தி எடுக்காமல் கூட்டிப்போய்க் கூட்டிவரணும்.
எல்லாம் ஒரே வண்டியில்,
முப்பதாயிரம் வெள்ளிக்குள்.

உட்கார்.
அந்த டின் மேல் வேண்டாம், தின்னர் இருக்கிறது.

இது ஹைலக்ஸ், சுல்கிப்லியுடையது.
நேற்றுதான் மேலுடம்பைத் தூக்கினேன்.
ஒயர்களைப் பிரித்து, ஸ்டீயரிங் தண்டை விடுவித்தால்
அப்புறம் பத்து போல்ட்தான்.
சங்கிலியை இழுக்க இழுக்க
சீட்டு, கண்ணாடி, தொங்கும் தஸ்பி மணி
எல்லாம் அப்படியே காற்றில் எழும்பும்.
கீழே மிச்சம் இருப்பது ஓர் ஏணி:
நீளத்துக்கு இரண்டு இரும்பு, குறுக்கே சில படி.
வண்டி என்பது அதுதான்.
மற்றதெல்லாம் அதன்மேல் வாடகைக் குடித்தனம்.

ஒவ்வொரு போல்ட்டிலும்
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ரப்பர் வட்டு.
கித்தா என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.
பாடாங் செராயில் பெட்டி முப்பத்தெட்டு வெள்ளிக்கு
தாய்லாந்தில் இருந்து வருகிறது கித்தா.
சிரிக்காதே, விலை ஏறியிருக்கிறது.
அந்த வட்டு நசுங்காதவரை
கீழே முறுகுவது மேலே தெரியாது.
ஒரு சக்கரம் வாய்க்காலில் தொங்கினாலும்
ஏணி வளைந்து கொடுக்கும்,
கதவு சாத்தும்,
ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

அதோ அரேனா. என்னுடையது.
கழற்றி வைக்க இதில் மேல் என்று ஒன்றில்லை.
கூரையும் தரையும் தூணும்
பொட்டுப் பொட்டாய்ச் சுட்டு ஒட்டிய ஒரே உடம்பு.
தோலே எலும்பு.
தார் ரோட்டில் கார் மாதிரி வழுக்கிப் போகும்,
எண்ணெய் கொஞ்சமாய்க் குடிக்கும்.
ஆனால் பின்னால் நாலு குலை கூடப் போட்டுப் பார்,
முன்கதவு முனகும்.
சுமை ஏறிய இடம் ஒன்று,
வலி பேசுகிற இடம் இன்னொன்று.

சுல்கிப்லிக்கு எதுவும் முனகவில்லை.
வாராவாரம் மெழுகு போட்டுத் தேய்த்த வண்டி.
ஆலை நிறுவைப் பாலத்தில் ஏறியபோது
பின்பக்கம் மட்டும் உட்கார்ந்துவிட்டது.
திருப்புளியை ஏணியில் குத்தினேன்,
பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
எத்தனை வருசத் துரு என்று
அவனுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது.

எங்கள் வீட்டுக்காரர் தியாகுவும் அந்த ரகம்.
தேய்த்த சட்டை, யாரைக் கண்டாலும் சிரிப்பு.
ஆலோங்கிடம் வாங்கிய கடன்
எனக்குத் தெரிந்தது, கேட்டில் சிவப்புச் சாயம் வழிந்த காலையில்.
சாயம் அடிப்பது என் தொழில்.
மூன்று கோட்டு அடித்தேன்.
இன்னமும் உச்சி வெயிலில்
இளஞ்சிவப்பாய்க் காட்டுகிறது.

நான் எப்படி என்று என் மகளைக் கேள்.
பள்ளிக் கட்டணம் என்றால் சாம்பாரில் உப்பு கூடும்.
பேங்க் கடிதம் வந்தால் துணி காய்கிற கம்பி அறுபடும்.
ஒளித்து வைக்க எனக்கு அடித்தளம் இல்லை.

சரி, உன் கதைக்கு வா.
ஹைலக்ஸ் வாங்கு.
குலை ஏற்றுகிறவனுக்கு வேறு பேச்சில்லை.
மேலுடம்பு நசுங்கினால் நான் இருக்கிறேன்.
ஆனால் மாசத்துக்கு ஒரு நாள்
சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் மல்லாந்து நுழை.
சுத்தியலால் கோடி முதல் கோடி வரை தட்டு.
டங் என்றால் இரும்பு.
டொப் என்றால்
உடனே வா, மெழுகு போட்டுக்கொண்டிருக்காதே.

என் அரேனாவை ஏன் விற்கவில்லை என்றா கேட்கிறாய்?

அங்கே தியாகு வருகிறார்,
பிளாஸ்டிக் பையில் மூன்று தே தாரிக்.
வண்டியில் ஏறினால்
கதவை லேசாகத் தூக்கிச் சாத்தச் சொல்.
பதினோரு வருசமாய் அடித்துத்தான் சாத்துகிறார்.